பெருங்காற்றுக்குச் சின்னப் பாய்

என் பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் ஒரே அண்ணன், உங்கள் மாமா, நம்மை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. மலையில் பிறந்தவர் எப்படிப் பாய் கட்டித் தண்ணீரில் போனார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மாமா பிறந்தது ராகலைப் பக்கம். தாய் தகப்பனை இழந்து, தங்கையோடு வட்டவளைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தார். கீழே அணை கட்டித் தண்ணீர் தேங்கியதும் அவர் குடியிருந்த லயம் அக்கரையாகிவிட்டது. கல்யாணமாகி இக்கரையில் இருந்த தங்கையைப் பார்க்க மலையைச் சுற்றி அரை நாள் நடை. தலைமன்னார்க் கடலோரத்தில் எப்போதோ பார்த்த கட்டுமரத்தை நினைவில் வைத்து, மரங்களை இரண்டு கட்டாகக் கட்டி, மூங்கிலால் பிணைத்தார். கொழுந்துச் சாக்குகளைத் தைத்துப் பாயாக்கினார்.

மழை பெரிசானால் பெரிய கம்பளியாகப் போர்த்துகிறவர்கள் நாம். காற்றுக்கும் அப்படித்தான் என்று நினைத்துப் பெரும் பாயைக் கட்டினார். கட்டுமரம் மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. கரையேறிச் சாக்கைப் பிழிந்தவர், "கம்பளி தடுக்கிறதுக்கு, பாய் காத்த வாங்குறதுக்கு" என்றாராம். பிறகு நடுத்தரம் ஒன்றும் சின்னது ஒன்றும் தைத்தார்.

மூத்தவளே, உன் காதுகுத்துக்கு அவரை அழைக்கப் போனேன். "அண்ணன் மடியில்லாம குத்த விடமாட்டேன்" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். சுற்றி நடந்தால் நல்ல நேரம் தப்பும். காற்றோ பேய்க்காற்று.

"மச்சான், பெரிய பாயைக் கட்டுங்க!"

"அவசரம் நமக்குத்தான் மாப்பிள்ள, காத்துக்கு இல்ல. அந்த மரத்தப் பாருங்க, இலையெல்லாம் வெள்ளையாத் திரும்பியிருக்கு. இன்னைக்குச் சின்னதே ஜாஸ்தி."

நடுத்தண்ணீரில் கட்டுமரத்தின் ஒரு பக்கம் மேலே தூக்கியது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அவர் பாய்க் கயிற்றைத் தளர்த்தினார், கட்டுமரம் மறுபடி தண்ணீரில் பதிந்தது.

இக்கரையில் காத்திருந்தவர்களிடம் ஒரே சிரிப்பு. "பாயா இது, மாமன் கோவணமா?"

"கோவணந்தான்டா கரை சேத்துச்சு!" என்றபடியே ஈர வேட்டியோடு உன்னை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் நெஞ்சுச் சளி அவரைக் கொண்டுபோனது. கஞ்சி கொடுத்த, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குத் தோளில் சுமந்தவர்கள், இரவெல்லாம் தப்படித்தவர்கள், எல்லோரையும் எங்கள் குடும்பம் கும்பிடுகிறது.

கருமாதி முடிந்த மறுநாள் தனியே கரைக்குப் போனேன். அவர் கட்டிவிட்டுப் போன நடுத்தரப் பாய் கட்டுமரத்தின் கம்பில் சுருட்டியபடி இருந்தது. கரையில் நின்ற மரங்களை அண்ணாந்து பார்த்தேன். இலைகள் வெள்ளையாகத் திரும்பியிருந்தன. அந்தப் பாயைக் கழற்றிவிட்டுச் சின்னப் பாயைக் கட்டி வைத்தேன்.