ஒரே கிண்ணத்தில் தேநீர்

பிள்ளைகளே, நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு ஜப்பான்கார அம்மா, இங்கே சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், நேற்று எலுமிச்சை மரத்தடியில் தங்கள் முறைப்படி பச்சைத் தேநீர் கலக்கினார். எனக்கும் உண்டு என்றதும் ஓடிப்போய் என் பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து வந்தேன். அவரோ வேண்டாம் என்றார். கூட இருந்த அவருடைய தோழி குடித்துவிட்டு விளிம்பைத் துடைத்து, அதே கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து எனக்குத் தந்தார்.

கசக்கிய கிளுவை இலையின் மணம் அதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிளுவை வேலியை அடைக்க வரும் கந்தையாவின் கையிலும் அதே மணம்தான். சாதியில் குறைந்தவர் என்று அவருக்கு எங்கள் வீட்டில் நாங்கள் குடிக்கும் பேணி கொடுப்பதில்லை, தேங்காய்ச் சிரட்டைதான். தேத்தண்ணியை நான் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு என் அப்பாவின் வயது.

“கந்தையா, வடிவாப் பிடி. சிந்தினா இனி இல்லை!”

“ஓம், சின்ன நயினார்.”

ஒருநாள் விளையாட்டுக்கு அவர் கையிலேயே ஊற்றினேன். தோல் சிவந்தது. அவர் சிரட்டையை விடவில்லை.

“சுடேல்லை, நயினார்” என்று சிரித்தார்.

நேற்று அந்தக் கிண்ணத்தை நானும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

எங்கள் வேலி எவ்வளவு வடிவு என்று உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை அடைத்தவரின் கையைப் பற்றி இன்றுதான் சொல்கிறேன்.