நல்லது ஒன்று, குறை ஒன்று

எங்கள் நால்வருக்குள் ஒரு சட்டம் உண்டு. படம் முடிந்து தியேட்டர் வாசலைத் தாண்டியதும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். மழையைப் பற்றிப் பேசலாம், பஸ்ஸைப் பற்றிப் பேசலாம், அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம். படத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. நாங்கள் வழக்கமாகப் போகும் சைவக் கடையில் உட்கார்ந்து, பிளேன்டீ மேசைக்கு வந்த பிறகுதான் தீர்ப்பு. அதிலும் முதலில் நல்லது ஒன்று சொல்ல வேண்டும், பிறகுதான் குறை. நல்லதைச் சொல்லாமல் திட்டத் தொடங்கியவர் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும்.

இந்தச் சட்டத்தால் அதிகம் வடை வாங்கியவன் நான்தான். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்து ஏமாற்றிவிட்டானே என்ற ஆத்திரத்தில் நல்லது எங்கே கண்ணில் படும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சட்டை மாற்றும்போதே என் மனைவி கேட்பாள், “படம் பாக்கப் போறீங்களா, பஞ்சாயத்துக்குப் போறீங்களா?” உண்மையைச் சொன்னால் பஞ்சாயத்துக்குத்தான். படம் எல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

நான் கண்டி மாநகர சபையில் கிளார்க். வீடு அம்பிட்டியவில். மற்ற மூவரும் என்னைவிட மூத்தவர்கள். ஒருவர் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். தலையில் வெள்ளைத் தொப்பி, நெஞ்சில் இளகிய மனம். கதாநாயகியின் தாய் தும்மினால்கூடக் கண் கலங்குவார். இன்னொருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாத மாஸ்டர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. படத்தில் எத்தனை மணிக்கு ரயில் ஏறினான், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று கணக்குப் பார்ப்பார். மூன்றாமவர் தபால் அண்ணன்.

தபால் அண்ணன் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கண்டியில் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று எந்த எழுத்தில் விலாசம் இருந்தாலும் ஒரே பார்வையில் படித்துவிட்டு உறையை அதற்குரிய பெட்டிக்குள் போடுவாராம். இப்போது மகன் வீட்டில், ஹந்தானை மலைப் பக்கம் இருக்கிறார். எங்கள் நால்வரில் படம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். நான் கதையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அவர், “அந்தப் பொண்ணு கோப்பைய வைக்கிறப்ப கை நடுங்குச்சே, பாத்தீங்களா தம்பி?” என்பார். நான் பார்த்திருக்க மாட்டேன்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு எரிச்சல் இருந்தது. பகிடி வருவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே சிரித்துவிடுவார். திரையில் நகைச்சுவை நடிகன் வாயைத் திறக்கும்போதே பக்கத்தில் இவர் குலுங்குவார். களவாக முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் முழுக்கப் பேச்சு. பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பும் ஒருவன், அவனை வீட்டுக்குள் சேர்க்க மறுக்கும் பெரியப்பா, இருவருக்கும் நடுவில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண். கடைசிக் காட்சியில் பெரியப்பா அவன் தோளில் கை வைத்து, சிரித்த முகத்தோடு, ‘இனி என் முகத்தில் முழிக்காதே’ என்பார். மெதுவாகச் சொல்வதால்தான் அது அப்படிச் சுட்டது. எனக்கே பிடித்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் யார் முதலில் சொல்வது என்பதற்கு முறை உண்டு. அன்று அண்ணனின் முறை. வழக்கம்போலச் சுவரோரக் கதிரையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீ வந்தது.

“நல்லது என்னன்னா, கடைசியில அந்தப் பெரியவரு மன்னிச்சு விட்டாரு பாருங்க, அதுதான்” என்றார். “கொறைன்னா, அந்தப் பொண்ணு புருசனோட போயிருக்கணும். இம்புட்டு அழுதுட்டு ஏன் நின்னுச்சு?”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் பெண் அவனுடைய தங்கை. பெரியப்பா மன்னிக்கவே இல்லை.

மாஸ்டர் சிரித்துவிட்டார். “அண்ணை, நீங்கள் எந்தத் தியேட்டரிலை படம் பாத்தனீங்கள்?”

அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சும்மா இருந்தேனா? “தூங்கிட்டீங்களா அண்ணே? ‘என் மூஞ்சில முழிக்காத’ன்னு அவ்வளவு தெளிவாச் சொன்னாரே, ஒங்க காதுல விழல்லயா?” என்று கேட்டேன். கேட்டது போதாதென்று மேசையையும் தட்டினேன்.

அண்ணனின் முகம் ஒரு கணம் வெறுமையாகிப் போனது. பிறகு சிரித்தார். “ஆமா தம்பி, கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல” என்று டீயைக் குடித்தார். வடையைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. முழங்கால் வலி என்று போனில் ஒரு செய்தி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு தோட்டத்தில் யாருக்கோ காது குத்து. மூன்றாவது ஞாயிறு செய்தியும் இல்லை. சுவரோரக் கதிரை காலியாக இருந்தது. நாங்கள் மூவரும் படத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் யாருடைய கை எப்போது நடுங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. “என்னமோ உப்பில்லாத மாதிரி ஈக்கிது” என்றார் நானா. அவர் சொன்னது சாம்பாரை அல்ல.

நான்காவது ஞாயிறு எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சிங்களக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் தமிழ்ப் படத்துக்கு அவர்களும் வருவார்கள் என்பதால் சில படங்களுக்குத் திரையின் அடியில் சிங்கள எழுத்து ஓடும். நாங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அன்று நடிகன் வாயைத் திறக்கு முன்பே அந்தக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. எழுத்து பேச்சுக்கு ஒரு விநாடி முந்தி வந்துவிடுகிறது. அடுத்த பகிடிக்கும் அப்படித்தான், அதற்கடுத்ததுக்கும்.

அண்ணன் சிரிப்பது போலவே சிரித்தார்கள்.

அந்தப் பெரியப்பா படத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் சிங்கள எழுத்து ஓடவில்லை. தமிழ்ப் படத்தை இத்தனை காலமாகச் சிங்களத்தில் வாசித்துக்கொண்டிருந்த மனிதர், அன்று வாசிக்க ஒன்றும் இல்லாமல், தோளில் வைத்த கையையும் சிரித்த முகத்தையும் மட்டும் பார்த்திருக்கிறார். பார்த்தால் மன்னிப்புப் போலத்தான் இருக்கும். அவரிடம் போய், காதில் விழவில்லையா என்று மேசையைத் தட்டிக் கேட்டிருக்கிறேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், அதில் பாதிக்கு வருத்தப்பட்டதும் இல்லை. இதற்கு வெட்கப்பட்டேன்.

அந்தக் கிழமையே ஒரு நாள் வேலை முடிந்ததும் ஹந்தானைக்கு ஏறினேன். மருமகள் கதவைத் திறந்தார். நல்ல பிள்ளை. “வாங்க, உக்காருங்க. நீங்க கத்தித்தான் பேசணும், மாமாவுக்குக் காது சுத்தமா வெளங்காது” என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, “மாமா! ஒங்களத் தேடி வந்திருக்காங்க! மாமா!” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அண்ணன் டீவிக்கு முன்னால் இருந்தார். டீவியில் சத்தம் இல்லை, சிங்கள எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். கீழே டவுனும் வாவியும் தெரியும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம்.

“சத்தம் கேக்குது தம்பி. சொல்லுதான் வெளங்கல்ல” என்றார். “கிட்ட இருந்து மொகத்தப் பாத்துப் பேசினா சமாளிச்சுருவேன். மெசின் ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க, அலுமாரியில கெடக்கு. தியேட்டர்ல அதைப் போட்டா காதுக்குள்ள தேங்கா ஒடைக்கிறாப்புல இருக்கு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் இரண்டு முறை தடுமாறினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“வீட்ல எல்லாரும் கத்துறாங்க. கோவத்துல இல்ல, எனக்குக் கேக்கட்டும்னுதான். ஆனா கத்துறப்ப மனுசன் மொகம் கோவமாத்தான தெரியுது? நாள் பூரா எனக்கு எல்லாரும் கோவமா இருக்காப்புல இருக்கு. நம்ம கடையில மட்டுந்தான் ஒருத்தரும் கத்தாம பேசுவீங்க. தெரிஞ்சா அது போயிரும்னுதான் வரல்ல. மத்தவங்களுக்குச் சொல்லிராதீங்க தம்பி.”

சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த படத்தில் எழுத்து ஓடுமா என்று நான் விசாரித்து வைக்கிறேன், நீங்கள் வந்தால் போதும் என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நானாவிடமும் மாஸ்டரிடமும், “அண்ணனுக்கு முழங்கால் சுகமாம், இந்த ஞாயிறு வர்றாராம்” என்று மட்டும் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் நானா. “ஓம், நல்லது” என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை பகல் தியேட்டருக்குப் போய், டிக்கெட் கொடுக்கும் பெண்மணியிடம், நாளைய தமிழ்ப் படத்தில் சிங்கள எழுத்து ஓடுமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்களுக்கெல்லாம் தமிழ் தெரியும்தானே, பிறகு எதற்கு எல்லாரும் இதையே கேட்கிறீர்கள் என்றார். காலையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மாத்தயா வந்து கேட்டாராம். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், மழையே இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு இன்னொரு மாத்தயா.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். யோசித்தால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அந்தச் சிங்களக் குடும்பத்துக்குப் பின்னால் மூன்று பேரும்தானே உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு கிழவர்களையும் அப்போதே போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னால் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் என்னிடம் சொல்லவில்லை. ஆளுக்கொரு ரகசியமாக ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போனோம்.

எழுத்து ஓடியது. அண்ணன் ஒரு விநாடி முன்னால் சிரித்தார். எனக்கு அது சங்கீதம் போல இருந்தது.

கடையில் நடந்த கூத்தைத்தான் சொல்ல வேண்டும். எப்போதும் வாசலோர மேசைக்கு ஓடும் நானா, “அங்க காத்து கூட, இங்க ஈப்போம்” என்று, பஸ் சத்தம் எட்டாத உள் மேசைக்குப் போய் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். எப்போதும் டீக் கோப்பையைப் பார்த்தே பேசும் மாஸ்டர், அன்று அண்ணனின் முகத்தைப் பார்த்து, முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நான் மட்டும் சளைத்தவனா? மேலுதட்டை மறைத்துக்கொண்டிருந்த மீசையை அன்று காலையில் பாதியாகக் குறைத்திருந்தேன். “ஞாயித்துக்கெழமையும் அதுவுமா மீசைக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்ட மனைவிக்கு, வெக்கையாக இருக்கிறது என்று பதில் சொல்லியிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைத்ததாம். நாங்கள் மூன்று பூனைகள்.

டீ வந்தது. முறைப்படி நானாதான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணன் கையை உயர்த்தினார்.

“இன்னைக்கு நான் சொல்றேன். படத்தப் பத்தி அப்புறம். மொதல்ல கொறை.”

“அண்ணை, சட்டப்படி நல்லதுதான் முதல்” என்றார் மாஸ்டர், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

“இருக்கட்டும். கொறை என்னன்னா, ஒங்க மூணு பேருக்கும் நடிப்பு சுத்தமா வரல்ல. மாஸ்டரு பாடம் எடுக்குறாரு. நானா லைட்டக் கண்ட ஈசலாட்டம் போயி குந்துறாரு. தம்பி பாவம், மீசையவே வெட்டிட்டு வந்திருக்காரு. காதுதாங்க போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

மாஸ்டர் மறுபடியும் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினார். நானாவின் கண்கள் நிறைந்துவிட்டன, ஆனால் அவருக்கு அது தும்மலுக்கும் நிறையும். நான் தடவுவதற்கு மீசையின் மீதியைத் தேடினேன்.

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“நல்லது என்னன்னா” என்றார், “மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா ஒருத்தரும் கத்தல்ல.”

குறையை முதலில் சொன்னதற்கு நீங்கள்தான் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும் அண்ணே என்றேன். எப்போதும் பேசுகிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னேன். அவர் திரும்பி நாலு வடைக்குச் சொன்னார்.