தூக்குப்போசித் தண்ணீர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் படிக்க எழுதும் அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ஒரு பக்கம் வளைந்த பழைய தூக்குப்போசி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அதைத் தேய்த்துக் கவிழ்க்கும்போதெல்லாம் என் மாமியாரின் நினைவு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இரண்டு குழந்தைகள் ஆறாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போயிருந்தன. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்ததால்தான் என்று கிணத்துக்கடவில் எங்கள் வீதியே சொன்னது. அத்தையும் அதையே சொன்னார். மூன்றாவது முறை, ஐந்தாம் மாதத்தில், ஸ்கேன் பார்க்கக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனுக்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறியதிலிருந்து போசியைச் சாய்த்தபடியே வந்தார். "குடி புள்ள, இன்னொரு வாய்."

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். குழந்தை நன்றாக இருந்தது. முன்பு நடந்ததைக் கேட்டதும், ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். உள்வழியாக வைத்து அளக்க வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தைக்கோ பொறுக்கவில்லை.

"ஏனுங் டாக்டரம்மா, அத்தன குலுக்கல்லயும் அடக்கிட்டு வந்த புள்ளைங்க. இப்பப் போயிக் கொட்டிட்டு வரச் சொல்றீங்களே!"

"மூத்திரப்பை நெறஞ்சிருந்தா கர்ப்பப்பை வாய் அமுங்கி நீளமாத் தெரியுமுங்கம்மா. நெசமான நீளம் தெரியோணும்."

நெசமான நீளம் குறைவாகத்தான் இருந்தது. வாய் இப்படிக் குறுகினால் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடலாம், தையல் போட்டால் தாங்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கொடந் தூக்குனதாலதானுங்களா?"

"இல்லீங்கம்மா. அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "உம்பட ஊட்டுக்காரனுக்கு முன்னால எனக்கும் ரெண்டு போச்சு அம்மணி. எங்க மாமியாரும் கொடத்தத்தான் சொன்னாங்க. நானும் நம்பிப்போட்டேன்."

அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. என்னைக் குறை சொன்ன போதெல்லாம் அவர் தன்னையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார் என்று இப்போது படுகிறது.

அத்தை போய்ப் பல வருடமாகிறது. அன்று வயிற்றில் இருந்தவள், லீவுக்கு வந்தால் அந்தப் போசியில்தான் தன் பிள்ளைக்குப் பால் வாங்கி வருகிறாள்.

ஸ்கேன் பார்த்த மறுநாள் காலை எனக்குத் தையல் போட்டார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் எனக்குத் தண்ணீர் தரக் கூடாது என்றார்கள். போசியில் கொண்டுவந்ததை அத்தையே குடித்தார்.