அஷ்டமியன்று தயாரான இஞ்சின்

என் ஜீப் நீலப் புகை விடத் தொடங்கி ஆறு மாதம் ஆகியும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பம் மெட்டு ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். வண்டிக்குள் இருந்த பெண்கள், "சாம்பிராணி போட்டுக்கிட்டே போறோம், மலைக்கே திருஷ்டி கழியட்டும்" என்று சிரித்தார்கள். கடைசியில் ஒருநாள் நாலாவது வளைவில், ஆயில் அளவு பார்க்கும் கம்பி தானாகவே வெளியே துள்ளி விழுந்தது. உள்ளூர் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், உடனே மூடினார். "இஞ்சினை இறக்கிற வேண்டியதுதான்ணே. தேனிக்குக் கொண்டு போயிருங்க" என்றார்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. விடியற்காலையில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, கேரளத்துப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. பதினோரு பேருக்கும் மூத்தவர் எனக்கு மதினி முறை. தோட்டத்தில் எந்த வரிசையில் யார் காய் எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதும் அவர் சொன்னபடிதான். வளைவில் வாந்தி வருகிறவருக்கு இடது ஓரம், முட்டி வலிக்காரருக்கு முன் சீட்டு, மதினிக்கு என் முதுகுக்கு நேர் பின்னால். அங்கிருந்துதான் என்னைக் கிண்டல் செய்ய வசதி.

எங்கள் பக்கத்து ஜீப்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வண்டி படுத்துவிட்டால் அதன் ஆட்களை இன்னொரு வண்டி கைமாற்றாக ஏற்றிக்கொள்ளும். ஏலக்காயைச் சுற்றுச் சுற்றாக எடுப்பார்கள்; தோட்டம் முழுக்க ஒரு சுற்று எடுத்து முடிக்க நாற்பது நாள் போல ஆகும். அந்தச் சுற்று முடிவதற்குள் பழைய வண்டி திரும்பிவிட்டால் ஆட்களும் திரும்பிவிடுவார்கள். அடுத்த சுற்றின் முதல் நாள் அவர்கள் எந்த வண்டியில் ஏறுகிறார்களோ, அதற்குப் பிறகு அந்த வண்டிக்குத்தான் சொந்தம். இதற்காக யாரும் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. நானே அப்படி ஒருமுறை நாலு பேரைச் சொந்தமாக்கிக்கொண்டவன்தான்.

அந்தச் சுற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. பக்கத்துத் தெரு ஜீப்காரர் என் பதினோரு பேரையும் தன் எட்டுப் பேரோடு ஏற்றிக்கொண்டார். நல்ல மனிதர். "அவசரப்படாதீக அண்ணே, நிதானமாச் செய்ங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு அவசரமே வந்தது.

தேனியில் நான் போன கடை பேர்போன கடை. இஞ்சினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். முதலாளி என்னைவிடச் சின்னவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய சிரிப்பு. "பத்தே நாள்ணே. பதினோராவது நாள் உங்க வண்டி மலையில நிக்கும்" என்றார். சொன்ன வாயோடு ஆட்களைக் கூப்பிட்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் இஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுவிட்டார். என்ன சுறுசுறுப்பு என்று வியந்து போனேன். பிரித்துப் போட்ட இஞ்சினை யாரும் வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது புரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பத்தாம் நாள் போனேன். சிலிண்டர் கடைகிற லேத்துக்காரர் கெங்குவார்பட்டியில் சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். பதினைந்தாம் நாள் போனேன். லேத்துக்காரர் வந்துவிட்டார், லேத்து மெஷின் பெல்ட் அறுந்திருந்தது. இருபதாம் நாள் போனபோது என் கிராங்க் சாஃப்டைக் காணவில்லை. தேடிப் பார்த்ததில், அது வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து நின்றது. என் இஞ்சினின் நட்டு போல்ட்டுகள் ஒரு பெயின்ட் வாளியில் கிடந்தன. அதே வாளியில் வேறு யாருடைய இஞ்சினோ பாதி கிடந்தது.

எனக்கு முன்கோபம் அதிகம். ஆனால் அந்த மனிதரிடம் அது எடுபடவில்லை. நான் குரலை உயர்த்தினால் அவர் தலையை ஆட்டுவார். "நீங்க வையிறது நியாயம்தான்ணே. உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் மோசமா வைவேன்" என்பார். பிறகு டீ சொல்லுவார். திட்டு வாங்குகிறவரே ஒத்துழைத்தால் திட்டு நமுத்துப் போகிறது. அந்த நாற்பது நாளில் நான் குடித்த டீயில் பாதி அவர் கடையில் குடித்ததுதான்.

ஊருக்குத் திரும்பினால் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பெண்கள் அந்த ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். வாந்திக்காரர் முகம் வெளுத்து, முந்தானையால் வாயைத் துடைத்தபடி வருவார். அந்த வண்டியில் ஓரமெல்லாம் அந்த எட்டுப் பேருக்கு. எங்கள் ஆட்களுக்கு நடுவிலும் பின்னால் ஸ்டெப்னி மேலும்தான் இடம். மதினி ஒவ்வொரு நாளும் கேட்பார். நானும் ஒவ்வொரு நாளும், "நாளைக்கு முடிஞ்சிரும் மதினி" என்பேன். ஒருநாள் அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழுந்தனாரே, நீங்களும் அந்தத் தேனிக்காரரு மாதிரியே பேசப் பழகிட்டீக" என்றார்.

சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. அந்த ஆள் எனக்குச் சொன்ன பொய்யை நான் அப்படியே வாங்கிக்கொண்டு வந்து இவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், டீகூட வாங்கிக் கொடுக்காமல்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை கடை முதலாளி தானே போன் செய்தார். "எல்லாம் ரெடிண்ணே. நாளைக்குக் காலையில வந்துருங்க. உங்க கண்ணு முன்னாடி இஞ்சினைக் கோத்து, சாயந்திரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்" என்றார். என் கை நேராகச் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை, அஷ்டமி. மறுநாள் புதன், நவமி. எங்கள் வீட்டில் அஷ்டமி நவமியில் விளக்குமாறுகூட வாங்க மாட்டோம். மலை ஏறுகிற வண்டி, பதினோரு உயிர் ஏறுகிற வண்டி. அதன் புது இஞ்சினுக்கு அஷ்டமியிலா உயிர் கொடுப்பது?

"வியாழக்கிழமை தசமி. அன்னைக்கு வச்சுக்குவோம்" என்றேன். ஒரு மாதமாக அவரை நாயாய்ப் பேயாய் விரட்டிய அதே வாயால்தான் சொன்னேன்.

"உங்க இஷ்டம்ணே" என்றார்.

வியாழக்கிழமை நெற்றியில் குங்குமத்தோடு போனால் என் பிஸ்டன் செட் இல்லை. போடியிலிருந்து ஒருவர் அதே மாதிரி ஜீப்பைக் கொண்டுவந்து அவசரம் என்றாராம், அதற்குப் போட்டுவிட்டார்கள். "நீங்கதான் அவசரம் இல்லைன்னு சொல்லிட்டீகளே" என்று முதலாளி என்னையே கேட்டார். புது செட் மதுரையிலிருந்து வர வேண்டும். அன்றைக்கும் டீ வந்தது. குடித்தேன்.

பெண்களிடம், "பிஸ்டன் வரலையாம்" என்று மட்டும் சொன்னேன். அஷ்டமியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் தோட்டத்து சூப்பர்வைசர் அறிவித்துவிட்டார்: இந்தச் சுற்று முடிந்தது, வரும் புதன்கிழமை அடுத்த சுற்று. மதினி அதை என்னிடம் வந்து சொன்னபோது கிண்டல் எதுவும் இல்லை. இருபது வருடப் பழக்கம் ஒரு புதன்கிழமைக் காலையோடு அடுத்த வண்டிக்குப் போய்விடும். பக்கத்துத் தெருக்காரர் இன்னொரு ஜீப் பார்த்து வைத்திருக்கிறார் என்றும் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் தேனிக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்புக்குப் போனால் பதினோரு பேரும் அங்கே நிற்கிறார்கள். கையில் தூக்குவாளி, தலையில் பூ. "எங்கன கிளம்பியாச்சு எல்லாரும்?" என்று கேட்டேன்.

"தேனிக்கு. எங்க இஞ்சினைப் பாத்துட்டு வரலாம்னு" என்றார் மதினி.

ஞாயிறு அரைநாள் கடை. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். பதினோரு பேரும் குனிந்து உள்ளே போய், பழைய டயர்கள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். யாரும் அவரைத் திட்டவில்லை. மதினி மட்டும் மெதுவாகக் கேட்டார், "தம்பிக்குப் பூர்வீகம் எந்த ஊரு?"

"அப்பாவுக்கு ஜெயமங்கலம்."

"நானும் அங்கன பிறந்தவதான். எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னார். வீட்டைச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மதினி அவருக்கு அத்தை முறை ஆகிவிட்டார். முதலாளி தன்னை அறியாமல் நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டார். எனக்கு நாற்பது நாளாகக் கிடைக்காத மரியாதை அது.

"அப்ப மருமகப்பிள்ளை, இதுல எது எங்க வண்டிது?" என்றார் மதினி.

பிஸ்டன் செட் முந்தின நாளே மதுரையிலிருந்து வந்து பிரிக்காமல் கிடந்தது. சிலிண்டர் கடைந்து முடிந்திருந்தது. மிச்சம் அந்தப் பெயின்ட் வாளிதான். இரண்டு இஞ்சின்களின் போல்ட்டுகளைப் பிரிக்க ஆள் இல்லை என்றே நாட்களைத் தள்ளியிருக்கிறார்கள். மதினி வாளியைத் தரையில் பழைய சாக்கு விரித்துக் கொட்டினார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, டீசலில் கழுவி, துடைத்து, நீளம் வாரியாக, மரை வாரியாகப் பிரித்தார்கள். ஏலக்காயைத் தரம் பிரிக்கிற விரல்கள். காய்க் கறை ஏறிய விரல்களில் கிரீஸ் கறை தனியாகத் தெரியவே இல்லை. மெக்கானிக்குகள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வெட்கப்பட்டு வேலையில் இறங்கினார்கள்.

தூக்குவாளிகளைத் திறந்தபோது முதலாளிக்கும் ஒரு கை புளிச்சோறு வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார், "அத்தை, நான் ரெண்டு வாரம் முந்தியே முடிச்சிருப்பேன். இவுகதான் அஷ்டமி, வேண்டாம்னாக."

பதினோரு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அஷ்டமியா" என்றார் மதினி. "அன்னைக்குத்தான் இவ மூணு தடவை வாந்தி எடுத்தா. நான் ஸ்டெப்னி மேல உக்காந்து போனேன். எங்களுக்கு என்ன நாளுன்னு யாரும் காலண்டர் பாக்கலையே, கொழுந்தனாரே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "தப்புதான் மதினி. உங்ககிட்ட மறைச்சதும் தப்புதான்" என்றேன். எதிலும் விட்டுக்கொடுக்காத நான் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். முட்டி வலிக்காரர், "சரி, சாப்பிடுங்க அண்ணே" என்றார்.

பொழுது சாய்வதற்குள் இஞ்சின் ஒன்றாகிவிட்டது. திங்கட்கிழமை ஊருக்குக் கொண்டுவந்து ஜீப்பில் மாட்டினோம். செவ்வாய்க்கிழமை சின்னமனூர் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். புகை இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. சொல்ல என்ன வெட்கம்.

புதன்கிழமை விடியற்காலையில் ஜீப்பைத் துடைத்து பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்துத் தெரு ஜீப் எனக்கு முன்னால் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முன்னால் நின்ற வண்டியைத் தாண்டி வந்து அவரவர் இடத்தில் ஏறினார்கள். வாந்திக்காரர் இடது ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக மதினி என் முதுகுக்குப் பின்னால் வந்து அமர்ந்தார்.

"கொழுந்தனாரே, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா?"

தெரியும். செவ்வாய்க்கிழமை அஷ்டமியை வேண்டாம் என்றேன் அல்லவா, பதினைந்து நாள் கழித்து அடுத்த அஷ்டமி அந்தப் புதன்கிழமையில் வந்து நின்றது. அவருக்கும் தெரிந்திருக்கிறது, பதினோரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஏறியிருக்கிறார்கள்.

"நல்ல நாளுதான் மதினி" என்றேன். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது.

புது இஞ்சின் என்பதால் மலையில் மெதுவாகத்தான் ஏறினேன். பக்கத்துத் தெருக்காரர் இரண்டாவது வளைவிலேயே எங்களை முந்திக்கொண்டு கையாட்டிவிட்டுப் போனார். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே கேரள எல்லைச் சோதனைச்சாவடி வந்தபோது வாந்திக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை நான் காலண்டர் தாளைக் கிழிக்காமலேயே வீட்டைவிட்டு வந்திருந்தேன். வியாழக்கிழமை காலை இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்தேன்.