சக்கரம் தொங்கிய விமானம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் சத்தம் அடங்கிவிடும். கணவர் பாயில், மாமனார் கூடத்துச் சாய்வு நாற்காலியில். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான். எனக்குப் பகல் தூக்கம் வராது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களின் மத்தியானம் முழுக்க என்னுடையது. மாடி அறையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஜப்பான்காரனின் பழைய போர் விமானங்களைச் சாண் அளவுப் பிளாஸ்டிக் பொம்மைகளாக ஒட்டிக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கல்யாணமான ஒரு பெண்ணுக்கு இது என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. பூத்தையல் போட்டால் கேட்டிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்பேன்.

ஆரம்பித்து வைத்தது என் தம்பி. கப்பலில் இன்ஜினியர். ஜப்பான் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன், சின்ன வயதில் நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டு மாட்டியதை நினைத்துக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தான். உள்ளே சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் சிறகு, வால், இருக்கை என்று துண்டுகள் தொற்றிக்கொண்டிருந்தன. வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். எழுபத்திரண்டு பங்கு சிறிதாக்கிய விமானம் என்று தம்பி சொன்னான். விளக்கத் தாள் முழுக்க ஜப்பானிய மொழி. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே மருத மரங்கள், அதற்குப் பின்னால் ஆறு. ஆனி மாதம் மேற்கே சாரல் பிடித்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறி, பூசிய வர்ணம் காயவே காயாது. காயட்டும் என்று விட்டுவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மின்சாரம் போய் விசிறி நிற்கும், திரும்ப வந்து சுற்றும். இரண்டுமே எங்கேயோ தூரத்தில் நடப்பதாகத் தோன்றும். என் வாழ்க்கையில் நான் முழுக்க முழுக்க சந்தோஷமாக இருந்த நேரங்கள் அவை.

மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு கதை உண்டு. பதினாலு வயதில் கொழும்பில் சொந்தக்காரர் ஜவுளிக்கடையில் இருந்தார். அவருடைய அண்ணன் அங்கேயே துறைமுகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜப்பான் விமானம் ஒன்று தென்னை மட்டை ஆடும்படி தாழப் பறந்து போனது. விருந்தாளி யார் வந்தாலும் இதைச் சொல்வார். "சக்கரம் ரெண்டும் கீழ தொங்குது, வே. கையை நீட்டுனா தொட்டுரலாம்" என்பார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் காப்பி கேட்பார். துறைமுகத்தில் குண்டு விழுந்து அண்ணன் அன்றைக்கே போய்விட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் மேலே யாரும் கேட்பதில்லை.

ஆனால் சக்கரத்தைப் பற்றி மட்டும் கேலி செய்வார்கள். "பறக்குத பிளேனுக்குச் சக்கரம் தொங்குமாப்பா? அது எறங்க வந்திருக்கும், நீங்க பயந்திருப்பீங்க" என்பார் என் கணவர். விருந்தாளியும் சிரிப்பார். மாமா காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார். எனக்குக் கோபம் வரும். ஐம்பது வருஷமாக ஒரு மனுஷன் ஒரே விஷயத்தைச் சொல்கிறார், ஒருத்தராவது நம்பினால் என்ன?

முதல் விமானத்தை முடித்ததும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரம் வைத்தது. பெட்டிப் படத்தில் இருந்தபடி மழமழவென்று பூசியிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்ல, தாயி."

மனசு விட்டுப்போனது. தம்பிக்குக் கடிதம் எழுதினேன்: பறக்கும்போதும் சக்கரம் தொங்குகிற ஜப்பான் விமானம் உண்டா, விசாரி. நான்கு மாதம் கழித்து விடுப்பில் வந்தவன் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தான். பாய்ந்து இறங்கிக் குண்டு போடுகிற விமானமாம். முன்னால் ஓட்டுகிறவன், பின்னால் துப்பாக்கிக்காரன். சக்கரத்தை மடக்குகிற ஏற்பாடே அதில் கிடையாது. உறை மாட்டிய இரண்டு கால்களும் எப்போதும் கீழேதான் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியைக் கொண்டுபோய் என் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் அசடு வழிந்தார். மாமா பெட்டியை வாங்கி, மேலே இருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இதை அவர் கண்ட விமானமாகவே ஆக்க வேண்டும். அவர் வாயால் 'இதுதான்' என்று வரவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஒட்டுவது சுலபம். பழசாக்குவதுதான் வேலை. வெயிலும் மழையும் எண்ணெயும் பட்டு உழைத்த தோற்றம் வரவேண்டும். தம்பி கொண்டுவந்த புத்தகத்தில் வர்ணம் உரிந்து உள்ளே வெள்ளித் தகடு தெரியும் ஜப்பான் விமானங்கள் நிறைய இருந்தன. அதைப் பார்த்து நானும் கல்லுப்பைத் தூவி, மேலே வர்ணம் பூசி, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டு உரிசல் வரவழைத்தேன். மாமா பார்த்தார்.

"இவ்வளவு கிழடா இருக்கல. நல்ல வாலிபமா இருந்துது."

மறுபடி பூசினேன். ஆற்றுக்குப் போய் வண்டல் அள்ளிவந்து, காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, சக்கரத்திலும் வயிற்றிலும் புழுதி படிந்த மாதிரித் தடவினேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. மாமா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ பிள்ள, கப்பல்ல இருந்துல்லா கெளம்பி வந்துது. நடுக்கடல்ல தாமிரவருணி மண்ணு எங்கன இருந்து வரும்?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மண்ணைக் கழுவினேன். புகைபோக்கிக்குப் பின்னால் விளக்குக்கரி, தகடுகள் சேரும் கோடுகளில் பென்சில் தூள். எண்ணெய் வழிந்த தடத்துக்கு நல்லெண்ணெயில் கரியைக் குழைத்து இழுத்தேன். அது என் மகா புத்திசாலித்தனம். காலையில் பார்த்தால் சுவரிலிருந்து மேசைவரை எறும்பு வரிசை, விமானத்தின் மேல் பெரிய கூட்டம். ஊதி ஊதித் துரத்தி, துடைத்து, டர்பன்டைனில் குழைத்துத் திரும்ப இழுத்தேன். இப்போது புத்தகத்துக்கே நான் பாடம் சொல்லலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது.

"இதும் இல்ல, தாயி" என்றார் மாமா. இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சொல்வதற்கே சங்கடப்பட்டது தெரிந்தது. எது இல்லை, என்ன குறை என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, ஆனாலும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஒன்றை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். குண்டு. வயிற்றுக்கு அடியில், இரண்டு கால்களுக்கும் நடுவே ஒட்ட வேண்டிய துண்டு. அண்ணனைப் பறிகொடுத்தவர் கண் முன்னால் அதை எப்படி வைப்பது? அலமாரியில் நிற்கிற பொருளின் அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மிச்சத் துண்டு ஒன்று பெட்டியில் கிடப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். பெட்டியை எடுக்கும்போதெல்லாம் அது உருண்டு சத்தம் போட்டது. எட்டு மாதம் ஆகிவிட்டது, இனி அவருக்குக் காட்டப்போவதில்லை, எனக்காகவாவது முடித்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை அதைக் கறுப்பாகப் பூசி ஒட்டினேன்.

ஒட்டியது காய வேண்டும். மேசையில் வைத்தால் மறுபடி எறும்பு. அதனால் கூடத்து உத்தரத்தில் இருந்த பழைய தொட்டில் கொக்கியில் தையல் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். மாமா அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தார், வரச் சாயங்காலமாகும் என்று சொல்லியிருந்தார். அதற்குள் கழற்றி மாடிக்கு எடுத்துப்போய்விடலாம் என்று எண்ணம். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவள், அதிசயமாக அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.

விழித்து இறங்கி வந்தபோது வீடு முழுக்க அந்த மத்தியான வெளிச்சம். சாரல் காற்று ஜன்னல் துணியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. விமானம் நூலில் பைய ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, திரும்பிச் சுற்றியது. அதற்கு நேர் கீழே மாமா சாய்ந்திருந்தார். தூங்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்" என்றார்.

சந்தோஷத்தில் கத்திவிடத் தோன்றியது எனக்கு. அதற்குள் அவர் வலது கை நாற்காலியை விட்டு எழுந்தது. தலைக்கு மேலே போய், விரல்களை விரித்து, இப்படியும் அப்படியும் ஆடியது. பஸ் ஏறிப் போகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி.

"நம்ம வெள்ளக்கார சர்க்கார் பிளேனுன்னு நெனச்சேன், தாயி. ஜப்பான்காரன் பிளேனு மாதிரி அதுலயும் சிவப்பு வட்டம் உண்டுல்லா. மாடியில நின்னு கை காட்டுனேன். பின்னால உக்காந்திருந்தவன் சின்னப் பையன்தான். அவனும் காட்டுனான்."

நான் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றேன்.

"வயித்துல அது இருந்துது. இப்ப இருக்குல்லா, அங்கனதான். பாத்தேன். என்னமோ பெட்ரோல் டாங்கின்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அது நேரா தொறமொகத்துக்குத்தான் போச்சு."

பதினாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், கை காட்டாவிட்டாலும் அது போகத்தானே போயிருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போய்ச்சேர்ந்த அத்தைக்காவது தெரிந்திருந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். நான் அழுதேன். அந்த ஒரு சொல்லுக்காகவா இத்தனை மாதம் அந்த மனுஷனைத் துளைத்தெடுத்தேன் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

விமானம் மறுபடி அவர் பக்கம் திரும்பியது. கை மேலேயேதான் இருந்தது, லேசாக ஆடிக்கொண்டு. மாமாவைத் தொட்டுப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அன்றைக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இறக்கினேன்.