தீவுக்குப் போக இரண்டு சட்டி

நான் கேட்டது ஒரு கிழமை. பனி கொட்டுகிற மாசி மாதத்தில், கரீபியன் பக்கம் ஏதாவது ஒரு சின்னத் தீவில், யாரோ சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் சாய்ந்திருக்க ஏழே ஏழு நாள். இவரும் நானும் மட்டும். அதைக் கேட்கவே கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடம் பிடித்தது.

என் பயம்தான் காரணம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் நான். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் குளிருக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடுமோ, அந்தத் தீவில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி இருக்குமோ, புயல் வந்தால் திரும்பி வர பிளேன் ஓடுமோ. மகள் ஒவ்வொன்றுக்கும் போனில் தேடிப் பதில் காட்டினாள். மாசியில் அங்கே புயல் வராதாம். "அம்மா, ஜஸ்ட் கோ. வீட்டை நான் பாக்கிறன்," என்றாள். அவள் தந்த துணிவில், சாப்பாடும் தங்குமிடமும் ஒரே விலைக்குள் அடங்கிய ஹோட்டல் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். படத்தில் நீலக் கடல், தென்னை, வெள்ளை மணல் எல்லாம் இருந்தன. நான் பார்த்தது சாப்பாட்டு மண்டபத்தில் கிடந்த நீளமான மேசையைத்தான். பழமும் பாணும் பொரித்த மீனும் பரப்பி வைத்திருந்தார்கள். யாரோ பரப்பி வைத்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா நோய் வந்து படுத்துவிட்டார், தம்பிமாருக்குச் சமைக்க ஆள் வேண்டும். அன்று தொடங்கியது. கனடா வந்த பிறகு பகலில் பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்வேன், பின்னேரம் வீட்டில் சோறும் கறியும். எனக்கே காய்ச்சலென்றாலும் ஒரு ரசமாவது வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அதனால்தான் அந்த மேசை.

ஹோட்டலைப் பதிவு செய்ய முதல் ஸ்காபரோவில் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளாகி, சாமத்திய வீடு வந்தது. அந்த மண்டபத்தில், ரோல்ஸைக் கடித்தபடி, இவர் தன் அக்காவிடம் எங்கள் பயணத்தைச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னீர்கள் என்று காரில் கேட்டேன்.

"சொல்லாமல் போனால் நாளைக்குக் குறை வரும். எங்கட ஆக்களிலை ஆர் சொல்லாமல் பயணம் போறது?"

வழக்கம் அதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பங்களில் பயணம் சொல்வதென்றால் வாருங்கள் என்று கூப்பிட்ட மாதிரி. இதுவும் இவருக்குத் தெரியாத விஷயமல்ல.

மறுகிழமையே மச்சாள், அதுதான் இவருடைய அக்கா, போன் எடுத்தார். தாங்களும் வருகிறார்களாம். பிறகு ஒஷாவாவில் இருக்கும் இவருடைய தம்பி குடும்பம். தம்பி வருவதென்றால் அவரோடு இருக்கும் மாமா மாமியைத் தனியே விட முடியாது, அவர்களும். கடைசியில் பதினாறு பேரில் வந்து நின்றது. இவரோ பெரிய சந்தோஷத்தில் இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வரட்டும், அந்த மேசை பதினாறு பேருக்கும் தாராளமாகக் காணும் என்று மனதைத் தேற்றினேன்.

மேசையும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஸ்ரௌவ்வில்லில் மச்சாள் வாங்கியிருந்த புதுவீட்டில் கூடினோம். ஹோட்டல் வேண்டாம் என்று அவர்கள் முதலே முடிவெடுத்துவிட்டார்கள். அங்கே சோறு இருக்காது, பெரியவர்களுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆகவே கடற்கரையோடு ஒரு பெரிய வீடு வாடகைக்கு எடுப்பது. சமைக்க நல்ல பெரிய குசினியாம். மீன் கரைக்கே வருமாம்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு சட்டிகள் கழுவித் துடைத்துக் கவிழ்த்துக் கிடந்தன. பக்கத்தில் ரைஸ் குக்கர், புட்டுக் குழல், பை பையாக மிளகாய்த்தூள்.

"நான் வெள்ளி சைவம், மாமி செவ்வாயும் சைவம்," என்று மச்சாள் விளக்கினார். "மீன் காய்ச்சின சட்டியிலை எங்களுக்குச் சமைக்கேலாது. அதுதான் மச்சத்துக்கு ஒண்டு, சைவத்துக்கு ஒண்டு. இடியப்ப உரலை நீர் கொண்டு வாரும். உம்மட கைச் சமையல் இருந்தாத்தானே எங்களுக்கு ஹொலிடே."

எல்லோரும் தலையாட்டினார்கள். என்னைப் புகழ்கிறார்களாம். மச்சாளின் கணவர், "தங்கச்சி, கடற்கரையிலை ஒரு கொத்துரொட்டிக் கடையும் போட்டிட்டு வருவம்," என்றார். சிரிப்பு. இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, பெரிய சட்டி எங்கள் சூட்கேசுக்குள் போகும், என் உடுப்பைக் கொஞ்சம் குறைத்தால் சரி என்றார்.

என் உடுப்பு. மகள் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்த இரண்டு பருத்திச் சட்டைகளும் ஒரு தொப்பியும். அதைக் குறைத்துச் சட்டி வைக்க வேண்டுமாம்.

பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், இது அதுவல்ல.

"நான் அங்க சமைக்க மாட்டன், மச்சாள்."

"அப்ப ஆர் சமைக்கிறது?"

"மிச்சம் பதினைஞ்சு பேர் இருக்கிறியள்."

மச்சாள் என்னைப் பார்க்காமல் இவரிடம் திரும்பி, "தம்பி, உவவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன், அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில். என்னை ஒரு ஆளாக நினைத்திருந்தால் என்னிடமே கேட்டிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்குத் தலை சுடுகிறது.

திரும்பி வரும் வழியில், "அக்கான்ரை முகம் வாடிப்போச்சு," என்றார் இவர்.

"என்ரை முகத்தைப் பாத்தனீங்களே?"

இவர் கையை நீட்டி ஹீட்டரைக் கூட்டினார்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. பயணத்தைக் கோடைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு முழங்கால் நோவாம். சமைக்க ஆளில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. முழங்கால் நோ. கோடை வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்து நேரே, எங்கள் ஆட்களின் பிளாசாவில் பயண ஏஜென்சி வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். தனியே அப்படி ஓரிடத்துக்குள் நான் போனதில்லை. கதவுக்கு வெளியே நின்று இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். குழாய், காய்ச்சல், புயல் எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் கவிழ்த்த சட்டிகளும் வந்தன. உள்ளே போய்விட்டேன். ஹோட்டல் படத்தைக் காட்டினேன்.

"எத்தனை பேர்?"

"இப்ப எனக்கு ஒண்டு போடுங்கோ. இவருக்கு வேணுமோ எண்டு கேட்டுச் சொல்லுறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை," என்றேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இவர் சண்டை பிடிக்கவில்லை. சோபாவில் இருந்தபடி ரீவியை நிறுத்தினார். பிறகு கேட்டார்:

"அங்க சாப்பாடு என்னவாம்?"

"தெரியாது," என்றேன். "சமைக்கிறது நானில்லை."