செல்லம்மாவின் மேசைக்கு நான் போட்ட விலை

பழைய மரச்சாமானுக்கு விலை சொல்வது, பெண்ணைப் பெற்றவரிடமே பெண்ணின் மூக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது போன்ற தொழில். ரங்கூனில், போட்டாதாங் பக்கத்துச் சந்து ஒன்றில் கடை போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக இதைத்தான் செய்தேன். உங்களில் யாராவது இதே தொழிலில் மாட்டியிருந்தால் என் முழங்கால் வலியும் புரியும், அலுப்பும் புரியும். எல்லாவற்றிலும் மோசம் செக்ரெட்டரி மேசை. கீழே இழுப்பறைகள், நடுவே சாய்த்துத் திறந்தால் எழுதும் பலகையாகிற மூடி, மேலே கண்ணாடிக் கதவு அலமாரி. அதை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கவர்னர் அதில் உட்கார்ந்து எழுதினார் என்பார். அத்தனை மேசையிலும் எழுதியிருந்தால் அந்த மனிதர் ஆட்சி செய்ய நேரமே இருந்திருக்காது.

ரகசிய அறை

ரங்கூனிலேயே தாமுவே பேட்டையில் ஒருவர் கூப்பிட்டுவிட்டார். இந்த மாதிரி மேசையில் ரகசிய அறை இருக்கும் என்று எவனோ அவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் தட்டிப் பார்த்தேன், அளந்து பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை, இப்படியே விற்றால் நல்ல விலை போகும் என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைப்பதை முகமே சொன்னது.

மறு வாரம் போனால் மேசை பலகை பலகையாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் ரம்பம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வெகு சாந்தமாகச் சொன்னார்: "நீங்க சொன்னது சரிதாண்ணே. இல்ல."

இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தது

துறைமுகத்தை ஒட்டிய அலோன் பேட்டையில் செல்லம்மா தனியாக இருந்தாள். அவள் புருஷன் துறைமுகக் கூலி. அங்கே ஏதோ ஒரு ஆபீஸை மூடியபோது கழித்துப் போட்ட மேசையைச் சுமந்து வந்து வீட்டில் போட்டுவிட்டு, சில வருஷத்தில் செத்தும் போனான். இப்போது வீட்டுக் கூரை சல்லடையாகிவிட்டது. மழை பிடிப்பதற்குள் புதுத் தகரம் போட வேண்டும். விற்பதற்கு அவளிடம் இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் இழைக்காத தேக்கு, விளிம்பு தேய்ந்து வழவழத்திருந்தது. மூலைகளில் பல் பல்லாக வெட்டிக் கோத்திருந்த இடம் ஒன்றுபோல் ஒன்று இல்லை, கையால் வெட்டியது. கீல் எதையும் யாரும் மாற்றவில்லை. நிஜமான பழசு. கூரை போட்டு மிச்சமும் இருக்கும்படியான விலையைச் சொல்லி, வாங்க ஒரு பர்மிய வியாபாரியைக் கூட்டிவருவதாகவும் சொன்னேன். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. வார்னிஷ் கூடாது, உப்புத்தாள் கூடாது, எண்ணெய்கூடத் தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் கேட்டாள்: "மேசையத் தொடமாட்டேண்ணே. ஆனா வர்றவரு பர்மாக்காரரு, பெரிய மனுஷன். அவருக்கு ஒரு மரியாத செய்ய வேணாமா?"

மரியாதை

வாங்க வந்தவர் ஊ லாமௌங். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்பவர். கதவைத் தாண்டியதும் செருப்பை விட்டார், அப்படியே மண்டியிட்டு மூன்று முறை தரையைத் தொட்டுக் கும்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மேசை அலமாரியின் உச்சியில் ஒரு புத்தர் சிலை. பூ, மெழுகுவத்தி, தண்ணீர்க் கிண்ணம். அவர் மனம் குளிரட்டும் என்று செல்லம்மா பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா கின்னிடம் சிலையைக் கேட்டு வாங்கி, அங்கிருந்த முருகன் படத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பயாவை மேலே ஏற்றியிருக்கிறாள். புத்தருக்கு அங்கே பயா என்றுதான் பெயர்.

ஊ லாமௌங் ஒரு இழுப்பறையைக்கூடத் திறக்கவில்லை. சிலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். அவர் என்னை வெளியே அழைத்துப்போய் பர்மியில் சொன்னார்: "பயா இருந்த மேசைய வித்தா, வாங்குறவன் அதுக்கடியில கால நீட்டி உக்காருவான். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கூரை

மா கின்னும் சிலையைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டாள். பூப் போட்டுக் கும்பிட்ட இடத்திலிருந்து இறக்கினால் ஆகாதாம். வேறு இரண்டு வியாபாரிகளை நான் கூட்டிவந்தேன். இருவரும் கும்பிட்டார்கள், போனார்கள். அதற்குள் மழையும் வந்துவிட்டது. அந்த வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தயங்கித் தயங்கித்தான் போனேன். முன்னறைக்கு மேலே புத்தம் புதுத் தகரம் மின்னியது. பயாவின் தலையில் மழை ஒழுகுகிறது என்று மா கின் தெருவெல்லாம் சொல்ல, தெருக்காரர்கள் புண்ணியத்துக்கென்று தகரம் வாங்கி, தாங்களே ஏறி அடித்திருக்கிறார்கள். பயாவுக்கு மேலே மட்டும்தான். பின்னறை பழையபடியே ஒழுகியது. அவள் படுக்கையை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கால் அந்தப் பக்கம் நீளாதபடி போட்டிருந்தாள். இனி யாராவது வாங்க வந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். செல்லம்மா மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரையும் கூட்டிட்டு வந்துறாதீங்கண்ணே. மேச போச்சுன்னா தகரத்தக் கழட்டிட்டுப் போயிருவாங்க."

இழுப்பறையைக் கவிழ்த்து, கீலைத் தடவி, மூலையை மோந்து விலை போட்ட எனக்கு, அந்த மேசை கூரையைத் தாங்கும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.